பின்னால் தொங்கிய கலப்பை

பேரன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய என் மகளுக்கு, உன் தாய் வணக்கத்துடன் வரைவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடல் நலத்தோடும் மன நிறைவோடும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு நானும் உன் தம்பியும் நோயின்றி இருக்கிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுத இன்று எனக்குத் துணிவில்லை. உன் கடிதம் கைக்கு வந்து பதினெட்டு நாட்கள் ஆகின்றன. எந்தக் கடிதத்திற்கும் மூன்றாம் நாள் பதில் எழுதிவிடுகிறவள் என்று என்னை நீயே பலமுறை பாராட்டியிருக்கிறாய். இந்தத் தாமதத்திற்கு வேலைப்பளு காரணமன்று, உடல் சோர்வும் காரணமன்று. நான்கு முறை எழுதத் தொடங்கி நான்கையும் கிழித்தேன். பொறுத்தருள வேண்டுகிறேன். தொலைபேசிப் பேச்சு காற்றோடு போய்விடும், முக்கியமானதைத் தாளில் எழுது என்று உன்னைப் பழக்கியவள் நான். ஆகவே நான் சொல்ல வேண்டியதையும் தாளில்தான் சொல்ல வேண்டும்.

முதலில் நீ கேட்டவற்றுக்கு முறையாக விடை தருகிறேன். அப்பாவின் டிராக்டரில் முன்பக்கம் அள்ளுவாளி பொருத்திப் பால்பண்ணையில் சாணம் அள்ளும் வேலைக்கு விடலாமா என்று தம்பி தீர்மானிக்கும் முன், இன்னின்னவற்றைப் பார்க்க வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தாய். நாள் முழுதும் பெரிய இயந்திரங்களைப் பிரித்து மாட்டும் பட்டறையில் உழைப்பவளின் எழுத்து அது என்பது ஒவ்வொரு சொல்லிலும் தெரிந்தது. பெருமையாக இருந்தது. உன் கடிதம் வருவதற்கு முந்தைய நாள், செவ்வாய்க்கிழமையே, இங்கு பாதிச் சோதனை நடந்து முடிந்துவிட்டது. உன் தம்பியை ஊரார் 'அவசரம்' என்று அழைப்பது வீண் போகவில்லை. நம் வண்டியை ஆதிநாள் முதல் பழுது பார்க்கும் மெக்கானிக்கை, அதாவது உங்கள் ஸ்பேனர் மாமாவை, காலை ஏழு மணிக்கே கையோடு அழைத்து வந்துவிட்டான். அவர் முன் அச்சின் அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரங்களைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அச்சு நடுவில் ஆடும் ஆணியில் தேய்மானம் இருந்தது. என் சுண்டுவிரல் நகம் நுழையும் அளவு இடைவெளி. அதைச் சுற்றியுள்ள புஷ் வளையத்தை மாற்றினால் சரியாகும் என்றார். கிளட்ச் ஒற்றைக் கிளட்ச். முன்னும் பின்னும் போய்வரும் ஒவ்வொரு முறையும் நின்று கியர் மாற்ற வேண்டும். எண்ணெய் பம்பு பின்பக்கத்துக் கலப்பையைத் தூக்குவதற்கு மட்டும் அமைந்தது. வாளியைத் தூக்கினாலும் ஆமை வேகத்தில்தான் தூக்கும். ஸ்டியரிங் வெறும் கைவலிமையால் திருப்புவது. இவ்வளவையும் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே, "கிழவன் நடப்பான் தங்கச்சி, ஓடமாட்டான். மெதுவா வேலை வாங்கினா வாங்கலாம்" என்று தீர்ப்புச் சொன்னார்.

தீர்ப்பு மட்டும் போதாது, பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று சொன்னவள் நான். வாளியைப் பொருத்திய பிறகு தெரிந்துகொள்வதைவிடப் பொருத்துவதற்கு முன் தெரிந்துகொள்வது அறிவுடைமை அல்லவா? இரண்டு கனத்த இரும்புச் சட்டங்களை வண்டியின் முகப்பில், நான்கு அடி முன்னால் நீட்டிக்கொண்டிருக்குமாறு இறுக்கிக் கட்டச் சொன்னேன். அவற்றின் நுனியில் இரண்டு பீப்பாய்களை வைத்துக் கயிற்றால் பிணைத்து, குழாய் வைத்துத் தண்ணீர் நிரப்பினோம். பீப்பாய் ஒன்றுக்கு இருநூறு லிட்டர். ஈரச் சாணம் ஒரு வாளி நிறைய அள்ளினால் ஏறத்தாழ அந்த எடைதான் வரும். மெக்கானிக் சிரித்து, "இந்தம்மா இன்ஜினியரிங் படிச்சிருந்தா நான் கடையை மூடிட்டு இட்லி சுட்டிருப்பேன்" என்றார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல், வண்டியோடு வந்த கையேட்டை எழுத்துக் கூட்டி வாசித்தே எழுதப் படிக்கக் கற்றவள் என்பதால் அந்தச் சொல் எனக்கு இனித்தது. மறைக்கவில்லை. தம்பி ஏறி ஓட்டினான். முற்றத்தை இரண்டு சுற்றுச் சுற்றினான்; ஸ்டியரிங்கை ஒரு கையால் திருப்பி மற்றொரு கையை எனக்கு ஆட்டிக் காட்டினான். முன்சக்கரங்கள் கொஞ்சம் பிதுங்கின, அவ்வளவுதான். மதியத்திற்குள் பால்பண்ணைக்காரருக்குச் செய்தி போய்விட்டது. அவரும் அடுத்த மாதம் முதல் வேலையைத் தருவதாக வாக்களித்துவிட்டார்.

அந்த நேரத்தில் தம்பியின் மற்றொரு கையில் இன்னொரு வாய்ப்பும் இருந்ததை நீ அறிவாய். துறைமுகக் கிடங்கில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டும் பணி. இரண்டு முறை நேரில் போய் ஓட்டிக் காட்டித் தேறியிருந்தான். வெள்ளிக்கிழமை மாலைக்குள் வருகிறேன் என்று உறுதி சொல்ல வேண்டும், தவறினால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தார்கள். அங்கே போனால் ஆண்டுக்கு ஒருமுறை வருவான். செவ்வாய்க்கிழமை சோதனை தேறியதும் "வீட்டு வாசல்லயே வேலை இருக்கும்போது கடலைப் பார்த்துட்டு உட்காரணுமா" என்று அவனே சொன்னான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று நான் சொல்லாமல் இருந்ததில் குற்றமில்லை என்பதை மட்டும் நீ நம்ப வேண்டும். ஏனெனில் அன்று எனக்கு எதுவும் தெரியாது.

மறுநாள் புதன்கிழமை, பத்து மணிக்கு உன் கடிதம் வந்தது. தம்பி கொட்டகையில் முன்சக்கரத்தைக் கழற்றிவைத்து, கை இரண்டிலும் மசகு அப்பிக்கொண்டு இருந்தான். "அக்கா என்ன எழுதியிருக்கா, படிம்மா, கை அழுக்கு" என்றான். நான் மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, தலைகீழாய்க் கவிழ்த்த வாளியின் மேல் அமர்ந்து, வழக்கம்போல் நிறுத்தி நிதானமாக வாசித்தேன். அச்சைப் பற்றி எழுதியிருந்ததை வாசித்தேன். கிளட்ச், பம்பு, ஸ்டியரிங் எல்லாம் வாசித்தேன். அதன் பின் நீ எழுதியிருந்தாய்: சோதிக்கும்போது வண்டியின் பின்னால் எந்தக் கருவியும் மாட்டியிருக்கக் கூடாது, பின்பக்கத்து எடை முன்பக்கத்துப் பாரத்தைத் தூக்கிப் பிடித்து எல்லாரையும் ஏமாற்றிவிடும் என்று. அந்த வரியில் என் கண் விழுந்த அதே கணம் தலையை நிமிர்த்தினேன். வண்டியின் பின்னால் சுழற்கலப்பை தொங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள் முழுதும் தொங்கிக்கொண்டிருந்தது. உங்கள் வாயில் ரோட்டவேட்டர், முந்நூறு கிலோ இரும்பு. அதைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்றும்? உழவைத் தவிர வேறெதற்கும் நம் வண்டி போவதில்லை. மாட்டும் ஆணி துருவேறி இறுகிவிட்டதால் கழற்றினால் திரும்ப மாட்டுவது பெரும்பாடு என்று உன் அப்பா ஏழு ஆண்டுகளாக அதை அப்படியே விட்டிருந்தார். மாட்டுக்கு வால் இருப்பதுபோல் அந்த வண்டிக்கு அது என்று எங்கள் கண்கள் பழகிவிட்டன. வண்டியை எடைபோட வந்த மூன்று பேரும் வாலை எண்ணவில்லை.

மகளே, நான் அந்த வரியை வாசிக்கவில்லை. தாண்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். பேத்திக்குப் பல் முளைத்திருக்கிறது என்று நீ எழுதியிருந்ததை உரக்க வாசித்தேன். அவன் சிரித்தான். என் குரல் மாறவில்லை. அதுதான் இன்றுவரை எனக்கு அச்சமாக இருக்கிறது. வாசிப்பு என்பது எழுதியவருக்குச் செய்யும் மரியாதை, ஒரு சொல்லையும் விழுங்கக் கூடாது என்று உங்கள் இருவரையும் சிறுவயதில் எத்தனை முறை கண்டித்திருக்கிறேன்! ஒரு முழு வரியை விழுங்கினேன். மாலைக்குள் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வியாழக்கிழமை காலை சொல்லலாம் என்றேன். வெள்ளிக்கிழமை அவன் துறைமுகத்துக்குத் தொலைபேசியில் பேசி, மிகுந்த பணிவோடு, வரவில்லை என்று சொல்லிவிட்டான். நான் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை கடக்கட்டும் என்றா காத்திருந்தாய் என்று நீ கேட்பாய். ஆம். வேறு விதமாக எழுதத்தான் நான்கு தாள்களைக் கிழித்தேன்.

சனிக்கிழமை காலை மெக்கானிக்கை வரவழைத்து, கலப்பையைக் கழற்றிவிட்டு மீண்டும் பார்க்க வேண்டும் என்றேன். அவர் ஒரு நொடி விழித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "என் கண்ணுல என்ன களிமண்ணா இருந்துச்சு! நாப்பது வருஷ சர்வீஸ், ஒரு வாலு கண்ணுக்குத் தெரியலையே" என்று புலம்பினார். ஆணியைத் தட்டிக் கழற்ற ஒரு மணி நேரம் பிடித்தது. பீப்பாய்களில் மீண்டும் தண்ணீர் நிரப்பினோம். இம்முறை முன்சக்கரங்கள் சப்பையாய்ப் பிதுங்கின. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பத் தம்பி எழுந்து நின்று உடம்பு முழுவதையும் போட வேண்டியிருந்தது. இறங்கு போதும் என்று மெக்கானிக் கத்தினார். அவன் கேட்கவில்லை. பால்பண்ணைச் சரிவு மாதிரியே நம் பின்வாசல் சரிவு இருக்கிறது, அதில் ஒருமுறை இறக்கிக் காட்டுகிறேன் என்று போனான். பாதிச் சரிவில் பிரேக் அழுத்தினான். இடப்பக்கத்துப் பெரிய பின்சக்கரம் எழுந்தது. சக்கரத்துக்கும் தரைக்கும் இடையே அந்தப் பக்கத்து வேலி தெரிந்ததைப் பார்த்தேன். பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டுமே உள்ள வண்டி அது; சக்கரம் தரையில் இல்லையென்றால் பிரேக்கும் இல்லை என்பது கையேட்டில் நான் படித்ததுதான். வண்டி வழுக்கிக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டியில் இடித்து நின்றது. ஒரு பீப்பாய் கயிற்றை அறுத்துக்கொண்டு உருண்டது. அவனுக்கு உதடு கிழிந்து, முன்பல் ஒன்று ஆடுகிறது. வேறொன்றும் இல்லை, பதறாதே. மெக்கானிக் அவனை இறக்கிவிட்டு, "குருவி தலையில பனங்காயை வச்சுட்டு நாம கைதட்டிட்டு இருந்திருக்கோம்டா" என்றார்.

பின்பக்கத்தில் கான்கிரீட் கட்டை ஒன்று வார்த்து மாட்டினால் தீருமே என்று தம்பி கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். நானும் அவனும் கயிறெடுத்துக்கொண்டு பால்பண்ணைக்குப் போனோம். மாடுகள் நிற்கும் இரண்டு வரிசைகளுக்கு நடுவிலுள்ள சாணப் பாதையையும் தூண்களையும் அளந்தோம். வால் நீண்ட வண்டி அங்கே உள்ளே போகும், திரும்பாது. வால் இல்லாத வண்டி திரும்பும், ஆனால் கவிழும். அதுவும் போக, கட்டை பின்பக்கத்தைத்தான் பிடிக்கும். முன் அச்சின் மேல் நாளொன்றுக்கு நூறு முறை விழும் பாரத்தை அது சுமக்காது. ஆகவே நீ கேட்ட கேள்விக்கு என் முடிவான விடை: அந்த வண்டி உழவுக்கு உகந்தது, முன்பக்கத்து அள்ளுவேலைக்கு உகந்ததன்று. பால்பண்ணைக்காரரிடம் நானே சென்று வருத்தம் தெரிவித்தேன். அவர் நல்லவர், "பையன் முழுசா வந்தானே, அது போதும்மா" என்றார். அதே வாரத்தில் வேறொருவரின் வண்டியை அமர்த்திக்கொண்டார். தம்பி துறைமுகத்துக்கு மீண்டும் பேசினான். சனிக்கிழமையே ஆள் சேர்ந்துவிட்டதாம்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்க முடியாதது. உன் தம்பி என்னைக் கொண்டாடினான். உதட்டில் மருந்தைத் தடவிக்கொண்டே, பார்க்கிறவர்களிடமெல்லாம், அம்மா மட்டும் அந்தக் கலப்பையைக் கவனிக்காமல் விட்டிருந்தால் மாடுகளுக்கு நடுவே நான் நசுங்கியிருப்பேன் என்று சொல்லித் திரிந்தான். மெக்கானிக் தன் கடைக்கு வருகிறவர்களிடம் என் கூர்மையைப் புகழ்ந்தார். எனக்கு எப்போதும் பிடித்த சொற்கள் அவை. ஒவ்வொன்றும் முள்ளாய் இறங்கியது. வேலை போனதைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் குறையாகச் சொல்லவில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் உன்னிடமும் அதே பெருமையைப் பேசினான். "எல்லாம் அம்மா கண்டுபிடிச்சதுதான்க்கா, சனிக்கிழமைதான் பார்த்தாங்க" என்றான். ஒலிபெருக்கியில் உன் குரல் எனக்கும் கேட்டது. "அம்மாகிட்ட குடு" என்றாய். நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அடுப்பு அன்று பற்றவைக்கப்படவே இல்லை. நீ கேட்காமல் விட்ட கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும்.

மூன்று நாட்களுக்கு முன், வியாழக்கிழமை பிற்பகல், உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அக்கா கடிதத்தை அன்று சரியாக வாசிக்கவில்லை, மீண்டும் வாசிக்கிறேன் கேள் என்றேன். அவன் என்னவோ வேடிக்கை என்று நினைத்து, சரி டீச்சர் என்றான். முழுவதையும் வாசித்தேன். அந்த வரியையும் வாசித்தேன். அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "இந்த வரி அன்னிக்கும் இருந்துச்சா" என்றான். இருந்தது என்றேன். "அன்னிக்கு உன் கண்ணுல பட்டுச்சா" என்றான். பட்டது என்றேன். கையைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, தாளை வாங்கித் தானே ஒருமுறை வாசித்தான். அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்து அதற்கான பதில்களைத் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். அப்பா போன பிறகு இந்த வீட்டில் என் காலடி எனக்கே கேட்கிறது என்று சொல்ல வைத்திருந்தேன். எதற்கும் இடம் வரவில்லை. அவன் தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "போகாதடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இருந்திருப்பேனேம்மா. எதுக்கு இவ்ளோ சுத்தி வந்தே" என்றான்.

அதற்கு விடை உண்டு. அவனிடம் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். நான் யாரிடமும் எதையும் கேட்டவள் இல்லை. எழுத்தைக் கேட்டுக் கற்கவில்லை, பார்த்துக் கற்றேன். உன் அப்பாவிடம்கூட, மருத்துவமனையில் கடைசி வாரத்தில், இன்னும் கொஞ்ச நாள் இருங்கள் என்று கேட்கவில்லை. கேட்டால் அவர் வருந்துவார் என்று எண்ணி, மாத்திரை வேளைகளை அட்டவணையாக எழுதிக் கட்டிலில் ஒட்டினேன். நீ புறப்பட்ட நாளிலும் சாமான்களைச் சரிபார்த்து நெற்றியில் முத்தமிட்டு அனுப்பினேன். அதையெல்லாம் மன உறுதி என்று எண்ணிப் பெருமைப்பட்டிருக்கிறேன். பெற்ற பிள்ளையிடம் இரு என்று கேட்கக் கூசியவள், அவனை வஞ்சித்து இருத்திக்கொள்ளக் கூசவில்லை. இதற்கு எந்த நூலில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து அவன் குறைவின்றி நடந்துகொள்கிறான். வேளைக்குச் சாப்பிடுகிறான், கேட்டதை வாங்கி வருகிறான், தொட்டியின் இடிந்த மூலையைச் சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டான். ஆனால் பேச்சில் விருந்தாளியாகிவிட்டான். வாங்க, போங்க என்று மரியாதையாகப் பேசுகிறான். எந்தக் கடிதத்தையும் என்னிடம் வாசிக்கக் கொடுப்பதில்லை. வெளியூர் வேலைகள் பற்றிய தாள்கள் அவன் மேசையில் சேர்கின்றன. முகம் தெரியாத ஊருக்கு, என் மீதுள்ள மனத்தாங்கலோடு, ஆடும் பல்லோடு அவன் போவதைவிட உன் கண் முன்னால் இருப்பது நல்லது என்று எனக்குப் படுகிறது. உன் பட்டறையில் அவனுக்கு ஏதேனும் இடம் இருக்குமா? ஓட்டுநராக இல்லாவிட்டாலும் உதவியாளாகவாவது? இப்படி உனக்கு எழுதப் போகிறேன் என்று அவனிடம் நேற்றே சொல்லிவிட்டேன். இனி அவனுக்குத் தெரியாமல் ஒரு வரியும் எழுதமாட்டேன். அவன் "எழுதுங்க" என்றான். உழவு நாட்களில் வண்டியைத் தானே ஓட்டித் தருவதாக மெக்கானிக் சொல்லியிருக்கிறார். ஆகவே என்னைப் பற்றி நீ கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. நான் தனியாக இருப்பேனே என்று அவனை அங்கே சேர்க்கத் தயங்கினாயானால், நான் செய்ததையே நீயும் செய்தவளாவாய்.

பேத்தியின் புதுப் பற்களுக்கு என் முத்தங்கள். மாப்பிள்ளைக்கு என் மரியாதையைத் தெரிவி. ஜாக்கியை மட்டும் நம்பித் தூக்கிய இயந்திரத்தின் கீழே நுழையாதே. கட்டை முட்டுக் கொடுத்து, அது ஆடவில்லை என்று கையால் தள்ளிப் பார்த்த பின்னரே உள்ளே போ. நீங்கள் மூவரும் நீடூழி வாழ்ந்து, ஒருவருக்கொருவர் வேண்டியதை வாய்விட்டுக் கேட்டு, சிறப்புற்றிருக்க வேண்டும் என்று மனமார வாழ்த்துகிறேன். என்மேல் கோபம் இருந்தால் அதைத் தனித்தாளில் எழுது. எத்தனை பக்கமானாலும் ஒரு வரி விடாமல் படிப்பேன். தம்பியைப் பற்றிய பதிலை மட்டும் அவன் பெயருக்கே எழுது. தயவுசெய்து சீக்கிரம் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா